அந்தப் பிள்ளையை இன்னும் எத்தனை பேர் கேட்பீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் போக்சோ வழக்கு, அதாவது குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குச் செய்தி வராத வாரம் கிடையாது. கைது செய்தார்கள், சிறையில் அடைத்தார்கள் என்று ஒரு நாள் வரும். சில வருஷம் கழித்து இத்தனை ஆண்டு சிறை என்று தீர்ப்பு வரும். நாங்களும் படித்துவிட்டு, இவனையெல்லாம் சும்மா விடக்கூடாது என்று ஆத்திரப்பட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எங்கே இருந்தது, யார் யாரிடம் போய் என்னவெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது, அதன் அம்மா வேலைக்குப் போக முடிந்ததா, வீட்டு வாடகையை யார் கொடுத்தார்கள், இதையெல்லாம் யாரும் எழுதுவதும் இல்லை, கேட்பதும் இல்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், வெட்டாமல் போட்டால் நல்லது.

நான் வட சென்னையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறவள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தோடு இப்படி ஒரு வழக்கு விஷயமாகக் கூடவே அலைந்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது, படிவம் நிரப்பவாவது ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார், போனேன். எந்தப் பகுதி, என்ன வயது, ஆண் பிள்ளையா பெண் பிள்ளையா எதையும் எழுதப் போவதில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த ஸ்டேஷன் என்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இது ஒரு இடத்தின் குறை அல்ல.

அந்தப் பிள்ளை முதலில் சொன்னது ஒரு டீச்சரிடம். டீச்சர் தலைமையாசிரியரிடம் கூட்டிக்கொண்டு போனார், அங்கே மறுபடி சொன்னது. அம்மாவை வரச் சொன்னார்கள், அம்மா முன்னால் மறுபடி. ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்த காவலர் 'என்னம்மா விஷயம்' என்று கேட்க, அம்மாவுக்கு வாய் வரவில்லை, பிள்ளையே சொன்னது. அப்புறம் எஸ்.ஐ., அப்புறம் இன்ஸ்பெக்டர். ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் கேட்டார், அவருக்கு மேல் இருந்த டாக்டர் வந்து மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்டார். இப்படிப்பட்ட பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற குழந்தைகள் நலக் குழு கேட்டது. மாஜிஸ்திரேட் கேட்டார். கவுன்சலிங் என்று ஒருவர் வந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு கேட்டார். அரசு வக்கீல் கேட்டார். கடைசியில் கோர்ட், அங்கே எதிர்த் தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த எஸ்.ஐ. அம்மா தன் காசில் பிள்ளைக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். ஆனால் ஒருவர் கேட்டது அடுத்தவருக்குப் போய்ச் சேரவே இல்லை. எல்லாரையும் இணைக்கிற ஒரே நூலாக அந்தப் பிள்ளைதான் இருந்தது, ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்குத் தன் கதையைத் தானே தூக்கிக்கொண்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இருபது முப்பது பேர் இருந்திருப்பார்கள், காய்ச்சல், கைக்கட்டு, கைக்குழந்தை என்று. ஒரு ஊழியர் கதவைத் திறந்து, 'அந்தப் போக்சோ கேஸ் யாரும்மா, உள்ள வாங்க' என்று சத்தமாகக் கூப்பிட்டார். பெஞ்சே திரும்பிப் பார்த்தது. பிள்ளை எழுந்திருக்கவில்லை. கழுத்தில் கிடந்த பள்ளிக்கூட ஐ.டி. கார்டை மெதுவாகக் கழற்றி, நாடாவைச் சுற்றி, பைக்குள்ளே புத்தகத்துக்கு அடியில் வைத்து ஜிப்பை மூடியது. அதன் பிறகுதான் எழுந்தது. அந்த வயதில் அதற்கு அவ்வளவு தெரிய வேண்டியிருக்கிறது.

சரி, வேறு வழி என்ன இருக்கிறது, போலீஸ் கேட்காமல் எப்படி, டாக்டர் பார்க்காமல் எப்படி என்று கேட்கலாம். வழி இருக்கிறது. 1985இல் அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹண்ட்ஸ்வில் என்ற ஊரில் அதைச் செய்து காட்டினார்கள். அந்த மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராக இருந்த பட் கிரேமர், பின்னால் அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கும் போனவர், பிள்ளைகள் இப்படி ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, அலைந்த அலைச்சலிலேயே வாயை மூடிக்கொள்வதையும் வழக்குகள் தோற்பதையும் பார்த்துவிட்டு, பிள்ளை யாரையும் தேடிப் போக வேண்டாம், எல்லாரும் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வரட்டும் என்று ஒரு மையத்தை ஏற்படுத்தினார். சைல்டு அட்வகசி சென்டர் என்று பெயர், குழந்தை ஆதரவு மையம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அந்த நாட்டில் மட்டும் இப்படி 900க்கும் மேல் இருக்கின்றன. ஐஸ்லாந்தில் 1998இல் இதே யோசனையை எடுத்து பார்னாஹுஸ் என்று தொடங்கினார்கள், அது அப்படியே ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பரவியது.

என் சித்தி மகள் டெக்சாஸில் இருக்கிறாள், அங்கே ஒரு மையத்தில் தன்னார்வலராக வாரம் ஒரு நாள் போகிறாள். வழக்கு விவரம் எதுவும் அவளுக்கும் சொல்ல மாட்டார்கள், அவளும் கேட்க மாட்டாள். ஆனால் அந்த இடம் எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் போனில் விலாவாரியாகச் சொன்னாள். வெளியே பார்த்தால் சாதாரண வீடு மாதிரி இருக்குமாம். போலீஸ் வண்டி வாசலில் நிற்காது. உள்ளே வந்ததும் ஒரு கூடம், பொம்மை, வண்ணப் பென்சில், தின்பதற்கு ஏதாவது. குற்றம் சாட்டப்பட்டவரோ அவருக்கு வேண்டியவர்களோ அந்த வளாகத்துக்குள்ளேயே வர முடியாது. பிள்ளையிடம் பேசுவதற்கென்றே பயிற்சி எடுத்த ஒருவர் இருப்பார், அவர் மட்டும்தான் பேசுவார். ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, மூலையில் கேமரா. ரெக்கார்டு ஆகிறது என்பதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். பக்கத்து அறையில் போலீஸ், குழந்தைகள் நலத் துறை ஆள், அரசு வழக்கறிஞர் எல்லாரும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் அந்தப் பயிற்சி பெற்றவர் வெளியே வந்து, 'உங்களுக்கு வேறு ஏதாவது தெரிய வேண்டுமா' என்று இவர்களைக் கேட்டுவிட்டு, அதைப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி மாற்றி உள்ளே போய்க் கேட்பார். அத்தனை துறைக்கும் அந்த ஒரு பேச்சு போதும்.

கேட்கிற விதத்திலும் ஒரு ஒழுங்கு உண்டு, இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. 'அவன் உன்னை இங்கே தொட்டானா' என்று கேட்கக்கூடாது, 'என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு' என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் நீ என்னைத் திருத்தலாம் என்று ஆரம்பத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுவார்கள். ஏனென்றால் பெரியவர்கள் ஒரு பதிலை உள்ளே வைத்துக்கொண்டு கேட்டால், அந்தப் பதிலைச் சொல்லி அவர்களைச் சந்தோஷப்படுத்தத்தான் பிள்ளைகள் பார்க்கும். அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று நினைத்து மாற்றிச் சொல்லும். நம் கோர்ட்டில் இதைத்தான் பிடிக்கிறார்கள். போலீஸிடம் சாயந்திரம் என்று சொன்னாயே, மாஜிஸ்திரேட்டிடம் ஸ்கூல் விட்டதும் என்று சொல்லியிருக்கிறாயே, எது உண்மை? பெரியவர்களுக்கே பத்துப் பேரிடம் பத்து நாள் சொன்னால் வார்த்தை மாறும். ஆகவே திரும்பத் திரும்பக் கேட்பது பிள்ளையை வதைப்பது மட்டும் இல்லை, குற்றவாளி தப்பிக்கிற ஓட்டையும் அதுதான். அதேபோல, நிரபராதி ஒருவர் மாட்டாமல் இருக்கவும் இப்படி ஒழுங்காகக் கேட்பதுதான் பாதுகாப்பு.

மருத்துவப் பரிசோதனையும் அந்த இடத்திலேயே, அல்லது அதோடு இணைந்த ஆஸ்பத்திரியில், இதற்கென்றே பழகிய டாக்டர் செய்வார். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெரும்பாலான பிள்ளைகளின் உடம்பில் எந்தக் காயமும் தெரியாது, மருத்துவ அறிக்கை சாதாரணமாகத்தான் வரும். அது ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி கிடையாது. நம் ஊரில் 'டாக்டரே ஒண்ணும் இல்லேன்னு எழுதிட்டாரே' என்று சொந்தக்காரர்களே பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த மையங்களில் டாக்டர் பிள்ளையிடம் நேராகவே சொல்வாராம், 'உன் உடம்பு நன்றாக இருக்கிறது, எந்தக் குறையும் இல்லை' என்று. தன் உடம்பு கெட்டுப்போய்விட்டது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு வாக்கியமே மருந்து.

இப்போது குடும்பத்துக்கு வருகிறேன், என் மனசு கிடந்து அடித்துக்கொள்வது இங்கேதான்.

தப்பு செய்தவன் முன்பின் தெரியாத யாரோ ஒருவன் என்றே நாம் கற்பனை செய்கிறோம். பெரும்பாலான வழக்குகளில் அவன் பிள்ளைக்குத் தெரிந்தவன். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா, வேன் ஓட்டுகிறவர், சில வீடுகளில் பெற்ற அப்பாவே. பிள்ளை வாயைத் திறந்த அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சம்பாதிக்கிற ஆள் ஜெயிலுக்குப் போய்விட்டால் மாசம் பிறந்ததும் வாடகை யார் கொடுப்பது? மாமியார் வீடு ஒரு பக்கம், அம்மா வீடு ஒரு பக்கம். 'வெளியில தெரிஞ்சா நாளைக்கு இதுக்கு எப்படிக் கல்யாணம் ஆகும்' என்று கேட்க நாலு பேர். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லிப் பணத்தோடு வருகிறவர்கள், மிரட்டலோடு வருகிறவர்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மா ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போகிற நாளெல்லாம் சம்பளம் பிடிக்கிறார்கள், ரெண்டு வீட்டில் வேலையே போய்விட்டது. வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கும், அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, 'அக்காவுக்கு என்னாச்சு' என்றோ 'தம்பி ஏன் அழுறான்' என்றோ அது கேட்டால் போய் விளையாடு என்று விரட்டுவார்கள். இந்த நெருக்கடியில்தான் பிள்ளைகள் கோர்ட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டு வருகின்றன. பிறழ் சாட்சி என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளை பொய் சொன்னதாக ஊர் முடிவு கட்டும்.

அந்த மையங்களில் குடும்பத்துக்கென்றே ஒருவர் இருப்பார். பிள்ளை உள்ளே பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் இவர் அம்மாவோடு உட்கார்ந்திருப்பார். அடுத்து என்ன நடக்கும், யார் கூப்பிடுவார்கள், எதற்குக் கையெழுத்து, எதற்குக் கையெழுத்துப் போட வேண்டாம், பிள்ளை ராத்திரி அலறினால் என்ன செய்வது, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வது, எல்லாம் இவர்தான். தங்குவதற்கு வேறு இடம் வேண்டுமா, போக வர வண்டி வேண்டுமா, நிவாரணத்துக்கு எங்கே மனுப் போடுவது என்பதும் இவர் பொறுப்பு. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அந்த அம்மா ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்க வேண்டியதில்லை, இவர் விசாரித்துப் போன் பண்ணிச் சொல்வார். கோர்ட்டுக்குப் போக வேண்டிய நாளுக்கு முன்னாலேயே பிள்ளையைக் கூட்டிப்போய், ஜட்ஜ் எங்கே உட்காருவார், நீ எங்கே நிற்பாய் என்று காலி அறையைக் காட்டிவிட்டு வருவார். எத்தனை சின்ன விஷயம், ஆனால் நாங்கள் போன அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றே தெரியவில்லை.

அப்புறம் சிகிச்சை. நம் ஊரில் கவுன்சலிங் என்றால் ஒரு தடவை உட்கார வைத்து 'நடந்ததை மறந்துடு, நல்லாப் படி' என்று சொல்லி அனுப்புவது என்றாகிவிட்டது. அங்கே இதற்கென்றே முறையாக வகுத்த சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள், பிள்ளைக்குத் தனியாக, பெற்றோருக்குத் தனியாக, பிறகு சேர்த்து. பெற்றோருக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் இருக்கிற பெரியவர் ஒருவராவது பிள்ளையை நம்பி, அதன் பக்கம் உறுதியாக நின்றால் அந்தப் பிள்ளை தேறி வருவது எவ்வளவோ சுலபமாகிறது என்பது இந்தத் துறையில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அம்மாவைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் பிள்ளையை மட்டும் எப்படித் தேற்றுவீர்கள்?

இதெல்லாம் வெளிநாட்டு விஷயம், நமக்குச் சரிப்படாது என்று சொல்கிறவர்கள் போக்சோ சட்டத்தை எடுத்துப் படிக்க வேண்டும். 2012இல் வந்த சட்டம், அந்த வருஷம் நவம்பர் 14 முதல் அமலில் இருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்புகிற இடத்திலோதான் வாங்க வேண்டும், கூடுமானவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் போலீஸ் வாங்க வேண்டும், சீருடையில் இருக்கக்கூடாது, எந்தக் காரணம் சொல்லியும் ராத்திரியில் ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. கோர்ட்டில் வக்கீல் நேரடியாகப் பிள்ளையைக் கேட்கக்கூடாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுத்து அவர் கேட்க வேண்டும். திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுக்கக்கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்ட 30 நாளில் பிள்ளையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை ஒரு வருஷத்தில் வழக்கையே முடிக்க வேண்டும். எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள்! இந்தச் சட்டத்தைப் படிக்கப் படிக்க, எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கிறது.

2020இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே. அவசரச் சிகிச்சைக்கு வருகிற பிள்ளையிடம் எந்த ஆஸ்பத்திரியும் போலீஸ் கடிதமோ கோர்ட் உத்தரவோ கேட்கக்கூடாது. சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் கையில் கிடைக்க வேண்டும். வழக்கு முடிகிற வரைக்கும் காத்திருக்காமல் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விசாரணையிலும் வழக்கிலும் பிள்ளையோடு கூடவே இருக்க ஆதரவு நபர் என்று ஒருவரை நலக் குழு நியமிக்கலாம், வழக்கு முடிகிற வரை அவர் மாதாமாதம் நலக் குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே, ஆதரவு நபர் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பெற்றோர் விருப்பத்துக்கு விட்டுவிடக்கூடாது என்று சொல்லிவிட்டது. நான் கூடப் போன குடும்பத்துக்கு இப்படி ஒருவர் உண்டு என்பதே குறுக்கு விசாரணைக்குத் தேதி குறித்த பிறகுதான் தெரிய வந்தது. அதுவரை யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஆக, அமெரிக்காவில் அந்த மையங்கள் செய்கிற வேலையில் பெரும்பகுதி நம் சட்டத்தில் ஏற்கனவே எழுத்தில் இருக்கிறது. இல்லாதது அந்த வேலையெல்லாம் நடக்கிற ஒரு கூரையும், அதைப் பொறுப்பாகப் பார்க்கிற ஆளும்தான். அந்த நாட்டு முறையை அப்படியே கொண்டுவர முடியாது என்பதும் உண்மை. ரெக்கார்டு செய்த பேச்சை மட்டும் போட்டுக் காட்டி நம் கோர்ட்டில் வழக்கை முடித்துவிட முடியாது, பிள்ளை சாட்சி சொல்லத்தான் வேண்டும், எதிர்த் தரப்புக்குக் கேள்வி கேட்கிற உரிமை உண்டு. அமெரிக்காவிலும் பல வழக்குகளில் பிள்ளை கோர்ட்டுக்கு வரத்தான் வேண்டியிருக்கிறது. சரி, கோர்ட்டில் சொல்லட்டும், மாஜிஸ்திரேட்டிடம் சொல்லட்டும். அதற்கு முன்னால் இருக்கிற அந்தப் பத்து வாசலையாவது ஒரே வாசலாக்கலாம் இல்லையா? சாட்சி சொல்கிற இடத்தைப் பொறுத்தவரை, டெல்லியில் கர்கர்தூமா நீதிமன்ற வளாகத்தில் 2012லேயே தனி அறை, தனி வாசல் என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சாட்சி சொல்வதற்கென்று இப்படி ஒரு மையம் வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் உத்தரவும் போட்டிருக்கிறது.

ஹைதராபாத்தைப் பாருங்கள், நம் பக்கத்து ஊர்தான். 2016இல் நகரப் போலீஸ் பரோசா என்ற மையத்தைத் தொடங்கியது. புகார், கவுன்சலிங், சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில். 2018இல் அங்கேயே குழந்தைகளுக்கான நீதிமன்றமும் வந்துவிட்டது. அவர்களால் முடிந்தது நமக்கு ஏன் முடியாது? தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தை 1992இல் ஆயிரம் விளக்கில் திறந்த ஊர் நம் சென்னை. குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைக்கென்றே 2004 முதல் வேலை செய்கிற துளிர் அமைப்பும் இந்த ஊரில்தான் இருக்கிறது. அனுபவம் இல்லாத ஊர் இல்லை இது. அயனாவரத்தில் 2018இல் செவித்திறன் குறைந்த ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையில், 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. எல்லாரும் கவனித்த வழக்கு என்பதால் ஒன்றரை வருஷ அளவில் முடிந்தது. யாரும் கவனிக்காத வழக்குப் பிள்ளைகளுக்கும் அந்த அக்கறை வேண்டும்.

வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவ சகி ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 2015 முதல் இருக்கிறது, நல்ல திட்டம்தான். ஆனால் அது பெண்களுக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுமிகளுக்கும். போக்சோ சட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரிக்கவே இல்லை. 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் எடுத்த ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதாவது ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள், அதில் ஆண் பிள்ளைகளும் ஏராளம், பெரும்பாலானவர்கள் யாரிடமும் சொன்னதே இல்லை. ஒரு பையன் வந்து சொன்னால் நாம் அவனை எங்கே கூட்டிக்கொண்டு போவது?

சென்னையில் இப்படி ஒரு குழந்தை ஆதரவு மையத்தை எங்கே, எப்படி ஆரம்பிக்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, பக்கத்தில் வேப்பேரியில் கமிஷனர் அலுவலகம். எண்ணூரிலிருந்தும் வரலாம், வேளச்சேரியிலிருந்தும் வரலாம். அந்த வட்டாரத்தில் அரசுக்குச் சொந்தமான ஏதாவது ஒரு பழைய வீட்டை எடுத்துச் சுத்தம் செய்து வெள்ளையடித்து ஆரம்பிக்கட்டும். ஆஸ்பத்திரிக்கு உள்ளேயும் வேண்டாம், ஸ்டேஷன் மாடியிலும் வேண்டாம், தனி வீடாக இருக்கட்டும். வாசலில் பெரிய எழுத்தில் போர்டு வைத்து, திறப்பு விழாக் கல்வெட்டு வைத்து, போகிற பிள்ளையை ஊருக்கே காட்டிக்கொடுக்க வேண்டாம். பேசத் தெரிந்த நாலு பேரை நல்ல சம்பளத்தில், நிரந்தரமாக எடுக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் முடிந்து ஆள் மாறினால் பிள்ளை மறுபடி முதலிலிருந்து இன்னொருவரிடம் ஆரம்பிக்க வேண்டியதுதான். காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழி தெரிந்தவர், இந்தியும் வங்காளமும் பேசுகிறவர் அழைத்தால் வருகிற மாதிரி ஏற்பாடு வேண்டும், கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்ன பகுதியைச் சேர்ந்த ஆட்டோ டிரைவரின் 9 வயது மகள், அங்குள்ள பள்ளியில் 4ஆம் வகுப்பு படிக்கிறாள் என்று பத்திரிகைகளில் செய்தி வருகிறது. பெயரைப் போடாவிட்டால் போதுமா? அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு அது யார் வீடு என்று தெரியாதா? பெயர் மட்டும் இல்லை, முகவரி, குடும்ப விவரம், பள்ளிக்கூடம், குடியிருக்கிற பகுதி என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் போடக்கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வரிகளை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், குழந்தைகளுக்கான உதவி எண் 1098, 24 மணி நேரமும் பேசலாம், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், ஆதரவு நபர் வேண்டும் என்று குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டு வாங்கலாம், கைச்செலவுக்குப் பணம் வேண்டும் என்றும் அங்கேயே மனுக் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு செய்திக்கும் கீழே நாலு வரி போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அதைப் படித்துச் சொல்ல அந்தத் தெருவில் யாராவது ஒருவர் இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை-11.